ரெக்கார்டின் மறுபக்கம்

ஷிஃபா உம்மாவுக்கு ஸலாம்.

போனில் பேசினால் மகள் ஷிஃபா பக்கத்திலேயே இருப்பாள். அதனால் துபாய்க்கு வரும் சுரண்டை சலீம் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அவள் அனுப்பிய ஸ்பீக்கர் வந்து சேர்ந்தது. பாட்டின் பேரைச் சொன்னாலே பாடுகிறது. ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக வருகிறது. யாரும் எழுந்திருக்க வேண்டியதில்லை. நேற்று மதியம், குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதையும் மேலகரம் ரோடெல்லாம் கார் நிற்பதையும் அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மூக்கம்மாள் எட்டிப் பார்த்து, “அண்ணாச்சி, மதினி வந்துட்டாவளா? பேச்சுச் சத்தம் கேக்குதே” என்றாள்.

“ரேடியோ பேசுது தாயி” என்று சொல்லிவிட்டேன்.

அதை அணைத்துவிட்டு, நம் பழைய பிளேயரைத் துடைத்து ஒரு ரெக்கார்டைப் போட்டேன். ஒரு பக்கம் முடிந்து முள் உரசிக்கொண்டே இருந்தது. நீ வந்து திருப்பிப் போடுவாய் என்று உட்கார்ந்தே இருந்துவிட்டேன். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டுத்தான் எழுந்தேன்.

உன் விசாவை நீட்டிக்கச் சொல்லி மகள் கேட்கிறாளாம். பேரனுக்கு நீ வேண்டும், இரு. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

நீ வந்து இறங்குகிற திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குச் செங்கோட்டை வழியாக விடியக்காலையிலேயே பஸ் இருக்கிறதாம். சும்மா விசாரித்து வைத்தேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரர்