குட்டி தின்னும் முயல்களை அனுப்பிய வேந்தருக்கு

நலம் பெருகுக. முகில் தங்கும் குன்றக்கோட்டையினின்று மேன்மலை நாட்டை ஆளும் அரசி நீலவஞ்சி, செழுநீர்ப் படுகை நாட்டின் வேந்தரும் எம் உடன்பிறந்தாருமாகிய மருதவேளுக்கு விடுக்கும் ஓலை. உமது வயல்கள் விளைக. உமது ஆறு வற்றாதிருக்க. வாழ்த்துவது மரபாதலால் வாழ்த்தினோம்.

சென்ற ஆண்டு கோமாரி நோய் எம் மலையின் ஆநிரையை அழித்தது. புல் மிகுந்து நெல் குறைந்த எம் நாட்டில் வீட்டுக்கு வீடு முயல் வளர்த்து ஊன் பெறுவதே வழியெனத் துணிந்து, உம்மிடம் வித்து முயல்கள் வேண்டினோம். எம் முயற்பட்டிக் காவலர் நல்லம்பி சொல்லச் சொல்ல எழுதிய ஓலை அது. ஈற்றுக்கு ஏழெட்டு ஈன்று அத்தனையையும் பாலூட்டி வளர்த்த தாயின் மகள்களாய், மடியில் எட்டுக் காம்பு உடையனவாய், முதுகு அகன்று தொடை திரண்டனவாய்ப் பெண்முயல்கள் அறுபதும், அவற்றோடு குருதியுறவில்லாத ஆண்முயல்கள் பத்தும் கேட்டிருந்தோம். அவ்வாறே அனுப்பினோம் என்று நம் தாயின் பெயரால் ஆணையிட்டு எழுதினீர்.

வந்தவை கண்ணுக்கு அழகாயிருந்தன. நல்லம்பி மட்டும், முகமும் பல்லும் ஒன்றுபோல் இருப்பதால் யாவும் ஒரே குருதியெனத் தோன்றுகிறது, ஓர் ஈற்றுப் பார்த்தபின் குடிகளுக்குக் கொடுப்போம் என்று விண்ணப்பித்தார். உமது ஆணையை ஐயுற்றாரென்று அவரைச் சினந்து, அன்றே பகிர்ந்தளித்தோம்.

ஈன்ற தாய்கள் பல தம் குட்டிகளைத் தாமே தின்றன. எஞ்சிய குட்டிகள் பல் கோணி வளர்ந்து, புல் கடிக்க மாட்டாமல் மெலிந்து மடிந்தன. மழைக்காலம் முடியுமுன் பாறைச்சேரியில் பசியால் இறந்த பதினோரு குழந்தைகளைப் புதைத்தோம். நல்ல முயல்களை நல்லம்பி மாற்றிவிட்டார் என்று ஊர் சொல்லிற்று. அதை நம்பி அவரைச் சிறையிலிட்டதும் யாமே.

குற்றமற்றவர் சிறையிலிருப்பதைக் கேள்வியுற்று, உமது பட்டியாளன் கீரன் தைத் திங்களில் கணவாய் ஏறிவந்து எம் அவையில் விழுந்தான். அவன் சொன்னபடியே எழுதுகிறோம்: "தாயே, குட்டி தின்னுற பெட்டைகளக் கொல்லத்தான் ஒதுக்கி வச்சிருந்தேன். அதுகளையே மலைக்கு அனுப்பு, அவங்க வருசா வருசம் முயல் கேட்டு நம்ம வாசலுக்கு வரணும்னு ராசா சொன்னாரு."

நல்ல தாய்களின் மகள்கள் ஆறும், வேற்றுப் பட்டியின் ஆண்கள் இரண்டும் கூடைகளில் சுமந்து வந்திருந்தான்.

சிறைக்கதவை எம் கையால் திறந்து, அவையறியப் பிழை பொறுக்க வேண்டினோம். நல்லம்பி கூடையை நோக்கி, இவை எத்தாயின் மக்கள் என்று கீரனை வினவினார். அந்த எட்டு இன்று எண்பதாயின. குடிகள் ஊன் உண்கின்றனர். எம்மோடு நல்லம்பி இன்றளவும் பேசியதில்லை.

ஆதலால் விதிப்பது யாதெனில்: எம்மிடம் தங்கிவிட்ட கீரனின் மனைவி மக்களை ஊறின்றி வரும் அமாவாசைக்குள் கணவாய் வாயிலில் ஒப்படைக்க. உமது தூதரும் பரிசிலும் இனி அவ்வாயிலைக் கடவா. நீர் வர விரும்பின், படையின்றி நடந்துவந்து, பாறைச்சேரியின் பதினோரு வாசல்களிலும் நின்று உமது வாயால் உண்மை கூறுக. அவ்வீட்டார் பொறுப்பரேல் யாமும் பொறுப்போம். எம்மையே யாம் இன்னும் பொறுத்திலோம்.

மேன்மலை நாட்டு முத்திரை பொறிக்கப்பட்டது. தமக்கை என்று எழுதும் இடம் வெறுமையாய் விடப்பட்டது.