இன்னும் ஒரு நாள் கேட்டாய்

இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினேன். எனக்கு முன்னால் ஏறிய ஒரு அம்மாள் கருவாட்டுக் கூடையை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பஸ்ஸே மூக்கைப் பொத்திக்கொண்டது. கண்டக்டர் கூடையை இறக்கச் சொல்லிச் சத்தம் போட்டார். நான்தான் எழுந்து போய், "இருந்துட்டுப் போகுது, விடுங்க" என்றேன். எங்கள் வீட்டில் கருவாட்டை யாரும் தொடுவதில்லை, உனக்குத் தெரியும். இருந்தும் இராஜபாளையம் வரும்வரை அந்தக் கூடைக்குப் பக்கத்திலேயே நின்றேன். பாம்பனில் நாம் தங்கிய லாட்ஜுக்கு வெளியே, மணலில் காயப் போட்டிருந்த மீன் இப்படித்தான் வீசியது. நாங்கள் எல்லோரும் முகத்தைச் சுளிக்க, நீ மட்டும் அதை நெஞ்சு நிறைய இழுத்து, "நல்லாத்தாம்லே இருக்கு" என்றாய்.

மில்லில் நீ ப்ளோ ரூமில் இருந்தாய். பேல் பேலாக வந்த பஞ்சைப் பிரித்து மிஷினுக்குள் போடுகிற இடம். எதிரே நிற்கிற ஆளின் முகம் தெரியாது, அவ்வளவு தூசு. நான் கேட்டை ஒட்டிய டைம் ஆபீஸில், யார் எப்போது வந்தார், எப்போது வெளியே போனார் என்று எழுதுகிறவன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஷிப்ட் ஆள் அத்தனை பேருக்கும் என்மேல் பயம். உனக்கு மட்டும் கிடையாது. என் பெயரைச் சொல்லி ஒருநாளும் நீ கூப்பிட்டதில்லை. "ஏலே டைமாபீசு" தான்.

திங்கட்கிழமை தவறாமல் பத்து மணி வாக்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வருவாய். "ஒரு பாஸ் குடுலே. செத்த நேரம் வெளிய நின்னுட்டு வாரேன்." பத்து நிமிஷம் எழுதிக் கொடுப்பேன். பதினோராவது நிமிஷம் நானே வெளியே வந்து, "டைம் ஆச்சு, உள்ள போ" என்பேன். "ஞாயித்துக்கெழம ஊத்துனது இன்னும் எறங்கலையோ?" என்று நாலு பேர் முன்னால் கேட்டும் இருக்கிறேன். நீ குடிக்கிறவனே இல்லை. பஞ்சுத் தூசு நெஞ்சில் படிந்தவர்களுக்கு, ஒரு நாள் லீவு விட்டுத் திரும்ப வேலைக்கு வரும்போதுதான் இறுக்கிப் பிடிக்குமாம். மில்லை மூடி வெகுகாலம் கழித்து ஒரு டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

மில் மூடியதும் ஆளுக்கொரு பக்கம் போனோம். பாதிப் பேர் பேண்டேஜ் துணிக் கம்பெனிகளில் சேர்ந்தார்கள். பழைய கூட்டத்தில் ஒருவர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் வைத்து நீதான் ஆரம்பித்தாய்: "எல்லாரும் சேந்து ஒருக்கா எங்கயாவது சும்மா போயி இருந்துட்டு வருவோம்லே." பாம்பனுக்கு ரோட்டுப் பாலம் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. அதன்மேல் போய்ப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. ராமேஸ்வரம் தீவுக்கு வேன் பேசினோம், பதினொரு பேர். என் மனைவிக்கு ஆறவே இல்லை. "அம்புட்டுத் தூரம் போயிச் சும்மா இருக்கவா வேன் பிடிக்கீக?" என்று உன்னிடமே கேட்டாள். "ஆமா மதினி. இருவது வருசமா சும்மா இருந்ததே இல்ல, எப்பிடி இருக்குன்னு பாத்துட்டு வாரோம்" என்றாய்.

போன இடத்திலும் என் புத்தி போகவில்லை. ஒரு விசிலை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். கடலில் குளிக்க முதல் ஷிப்ட் ஐந்து பேர், இரண்டாம் ஷிப்ட் ஆறு பேர். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். எல்லோரும் சிரித்துக்கொண்டே கீழ்ப்படிந்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ டீக் கிளாஸோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். "ஏலே, மல்லாக்கப் படுத்து ஒறங்கிட்டேன். விடியுற வரைக்கும் முழிப்பே வரல" என்றாய். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். வீட்டில் நாலு வருஷமாக நீ படுத்ததில்லை, இழுப்புக்குப் பயந்து சுவரில் சாய்ந்தபடிதான் தூக்கம் என்று அப்போதுதான் சொன்னாய். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அன்று முழுக்க வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றாய், இரண்டு ஷிப்டிலும்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு வேன். சிலருக்கு மத்தியானம் வேலை இருந்தது. எல்லோரும் ஏறியாயிற்று. நீ கடலைப் பார்த்த படியில் உட்கார்ந்தே இருந்தாய், பையைக்கூட எடுக்கவில்லை.

"நீங்க போங்கலே. நான் இன்னும் ஒரு நாளு இருந்துட்டு பஸ்ஸுல வாரேன்."

"அது எப்பிடி? பதினொரு பேரு வந்தோம், பதினொரு பேரும் போகணும்."

"இங்கன மூச்சு தன்னால வருதுலே. ஒரே ஒரு நாளு."

"தனியா விட்டுட்டுப் போயி உனக்கு ஒண்ணுன்னா வீட்டுல தங்கச்சிக்கு யாரு பதில் சொல்ல? எந்திரி."

சொன்னதோடு நிறுத்தினேனா? உன் முகத்துக்கு நேரே விசிலை ஊதினேன். வேனுக்குள் எல்லோரும் சிரித்தார்கள். "சரிலே, டைமாபீசு சொன்னா சரிதான்" என்று பையை எடுத்துக்கொண்டு வந்து ஏறினாய். பாலத்தில் அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் சாய, நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். அருப்புக்கோட்டை தாண்டியதும் உனக்கு இழுப்பு ஆரம்பித்தது.

ஊர் திரும்பிய பதினெட்டாம் நாள் நீ போய்விட்டாய், சுவரில் சாய்ந்தபடியே. அந்த ஒரு நாள் இருந்திருந்தால் பிழைத்திருப்பாய் என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. ஆனால் இன்னும் ஒரு ராத்திரி காலை நீட்டிப் படுத்திருப்பாய். அதைக் கெடுத்த பாவி நான். ஏழு வருஷமாகியும் இதை உனக்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அடக்கம் முடிந்த மறுவாரம், உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிடத்தான் உன் வீட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே தங்கச்சி பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணே, இன்னும் ஒரு நாளு இருந்துட்டு வான்னு நீங்க கையப் பிடிச்சுச் சொன்னீகளாமே. அவியதான் என்னையப் பாக்கணும்போல இருக்குன்னு கெளம்பிட்டாகளாம். வந்து எறங்குனதும் மொதச் சொல்லா அதச் சொன்னாக. கல்யாணம் ஆகி இம்புட்டு வருசத்துல அவிய வாயில அப்பிடி ஒரு வார்த்த வந்ததில்லண்ணே."

ஏம்லே அப்படிச் சொன்னாய்? என்மேல் பழி வரக்கூடாது என்றா? அவளுக்கு ஏதாவது கொடுத்துவிட்டுப் போகலாம் என்றா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால் என் பாரம் இறங்கும். அவளுக்கென்று நீ விட்டுப்போன ஒரே நல்ல வார்த்தையை அவள் கையிலிருந்து நான் பிடுங்கினதாக ஆகும். அதனால் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன்.

இன்றும் பஸ் இறங்கி உன் வீட்டுக்குத்தான் போனேன். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் உட்கார்ந்திருந்தாள். தங்கச்சி எனக்குக் காப்பியைக் கொடுத்துவிட்டு அவளிடம் ஆரம்பித்தாள். "இந்த அண்ணன் இருக்கச் சொல்லி எம்புட்டோ கெஞ்சுனாக. என்னையப் பாக்கணும்னு அவிய நிக்காம வந்துட்டாக" என்றவள், என் பக்கம் திரும்பி, "இல்லையாண்ணே?" என்றாள்.

"ஆமா தங்கச்சி, எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். அவன்தான் கேக்கல" என்றேன்.