அமெரிக்கப் பரீட்சைக்குப் படித்தது

14 பிப்ரவரி 1972, திங்கள்

மாமனார் காலமாகி ஒரு மாதம், மாசிகம் முடிந்தது. தாயாதி ரங்காதான் செய்தான். பெற்ற பிள்ளை அமெரிக்காவில் உட்கார்ந்திருந்தால் வேறு யார் செய்வது? கடல் தாண்டியவனுக்குக் கோயில் கைங்கர்யம் கிடையாது என்று மாமனாரின் முறையும் ரங்கா வீட்டுக்கே போய்விட்டது. இந்த வீட்டில் இனி நானும் மாமியாரும்தான்.

மத்தியானம் இவரிடமிருந்து ஒரு பார்சல். கனமான இங்கிலீஷ் புத்தகம், கூட நாலு வரி. "அங்கே மெட்ராஸில் நடக்கும் அமெரிக்கப் பரீட்சையை எழுதிப் பாஸ் பண்ணு. அப்போதுதான் உன்னை இங்கே அழைத்துக்கொள்ள முடியும்." கல்யாணமான இரண்டாம் மாதமே போனவர். வருஷம் மூன்றாகப் போகிறது.

அம்மா புத்தகத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு புடவை வாங்கி அனுப்பியிருக்கப்படாதோ" என்றார். மாமியாரை நான் அம்மா என்றுதான் கூப்பிடுகிறேன்.

சந்தோஷப்பட வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. துணி உலர்த்தப் போனேன்.

2 மார்ச்

பத்துப் பத்து வார்த்தையாக உரு போடுகிறேன். அபாண்டன், கைவிடு. அபண்டன்ட், ஏராளமான. பிறந்த வீட்டில் என் அப்பா பையன்களுக்குப் பாசுரம் சந்தை சொல்லித் தருவார். அவர் ஒரு தரம் சொன்னால் அவர்கள் இரண்டு தரம். அடுப்பங்கரையில் இருந்தபடி கேட்டே நான் பாடம் பண்ணினேன். வேறு மாதிரி படிக்க எனக்குத் தெரியாது. அரைக்கும்போது ஏ, பெருக்கும்போது பி.

"என்னடி, பெருமாள் பேரைச் சொல்ற வாயால இங்கிலீஷை ஓதிண்டிருக்கே" என்றார் அம்மா. திட்டவில்லை. பேச்சுத் துணைக்குச் சொல்கிறார்.

19 மார்ச், ஞாயிறு

மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்த்துக்கொண்ட நர்ஸ் சாராளும் இதே பரீட்சை எழுதுகிறாளாம்! அவளுக்கு அமெரிக்காவில் நர்ஸ் வேலை. புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது, அவளிடம் இல்லை. வீட்டுக்கு வா என்று சொல்லிவிட்டேன். அம்மா வாசற்படியோடு நிறுத்தி, அவளுக்கு மோர் மட்டும் கொடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. சாராள் மோரைக் குடித்துவிட்டு, "ஸ்டேஷன் பெஞ்சு யார் ஊட்டு சொத்து? அங்க வந்துடு" என்றாள்.

16 ஏப்ரல், ஞாயிறு

ரயில் நிலையத்தில் மானம் போயிற்று. ஆயிரம் வார்த்தை பாடம் என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். சாராள் புத்தகத்தை நடுவில் பிரித்து, "ரிலக்டன்ட்டுன்னா இன்னா?" என்றாள். வாயைத் திறந்தால் ஆர் எழுத்தின் முதல் வார்த்தைதான் வருகிறது. அங்கிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து, ரிலக்டன்டைத் தொட்டு, மனமில்லாத என்றேன். அதற்குள் அரக்கோணம் வண்டியே வந்துவிட்டது.

"ஐய்யய்ய! இன்னா பூமா இது? பரீட்சையில வரிசையா கேப்பானா? நீ மொணமொணத்துக்கினு இருக்கசொல்ல மணி அடிச்சுடுவான்!" சாராள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். எத்தனை நாளாயிற்று.

17 ஏப்ரல்

இரண்டு மாத உழைப்பு தண்டம்.

25 ஜூன், ஞாயிறு

சாராள் தலைகீழாகக் கேட்கிறாள், நடுவிலிருந்து கேட்கிறாள், வடை தின்றுகொண்டே கேட்கிறாள். பாதிக்குமேல் பட்டென்று வருகிறது. படித்துப் புரிந்துகொள்ளும் பகுதிதான் பேஜார் என்கிறாள் அவள். எனக்கு அது பிடித்திருக்கிறது. திமிங்கிலத்தைப் பற்றி ஒரு பாரா, பனிக்கட்டியைப் பற்றி ஒரு பாரா. யாரோ எங்கேயோ நிதானமாகச் சொல்வதைக் கேட்பதுபோல. அதைப் படிக்கும் நேரம் இவர் ஞாபகம் வருவதில்லை. இது தப்பா?

இவரிடமிருந்து இந்த மாதம் கடிதம் இல்லை.

3 செப்டம்பர்

நான் போய்விட்டால் அம்மா என்ன செய்வார்? இன்று பரணைச் சுத்தம் பண்ணும்போது, "நீ போனப்புறம் இந்த வெங்கலப் பானையை யாருக்குத் தளிகை பண்ண எடுக்கப்போறேன், ரங்கா ஆத்துக்குக் குடுத்துடறேன்" என்றார். தூக்கி ஓரமாகவும் வைத்துவிட்டார்.

7 அக்டோபர், சனி

பரீட்சை. மகாளய அமாவாசை வேறு. ஊரே தர்ப்பணத்துக்கு எங்கள் திருவள்ளூர்க் குளத்துக்கு வந்து இறங்குகிறது, நானும் சாராளும் மட்டும் காலி வண்டியில் மெட்ராஸ் போனோம்.

முதலில் டேப் போட்டார்கள். பாதி புரிந்தது. வார்த்தைப் பகுதியில் ஒன்றிரண்டு இடத்தில் பழைய புத்தி வந்துவிட்டது. மேற்பார்வைக்கு நின்றவர் வந்து உதட்டை அசைக்கக் கூடாது என்றார். உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினேன். கடைசிப் பாரா தேனீக்களைப் பற்றி. நன்றாகவே எழுதினேன், சத்தியமாக.

வெளியே வந்து டீ குடிக்கும்போது சாராள் கேட்டாள்:

"நீ எந்தக் காலேஜுல சேரப்போற?"

"காலேஜா? நான் அவர்கிட்டத்தான் போறேன். பாஸானாத்தானே அழைச்சுக்கலாம்?"

டீயை அப்படியே வைத்துவிட்டாள். "இன்னா சொல்ற? படிக்கப் போறவங்களுக்குத்தான் இது. எங்க மாதிரி வேலைக்குப் போறவங்களுக்கு. பொஞ்சாதிக்கு எதுக்கு? எங்க பெரிய டாக்டர் சம்சாரம் போன வருசம் போச்சு, அதுக்கு ஏபிசிடியே தகராறு."

வேறு ஏதாவது சட்டமாக இருக்கும் என்றேன். அவளும் ஆமாம், இருக்கும் என்றாள். திருவள்ளூர் வரும்வரை இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

8 அக்டோபர்

தோசை சுட்டேன். வாழைப்பூ ஆய்ந்தேன்.

30 அக்டோபர்

ஆம்படையாளுக்கும் பரீட்சை உண்டா என்று இவரிடம் கேட்டு எழுதினேன். பதில் வந்தது. நான் கேட்டதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. மார்க் வந்ததா என்று மட்டும்.

11 டிசம்பர்

மார்க் வந்துவிட்டது. சாராளைவிட எனக்கு அதிகம். அவள் பஸ் ஸ்டாண்டில் வைத்தே கட்டிக்கொண்டாள். அவளுக்குத் தை மாதமே பயணம். கும்மிடிப்பூண்டியில் புதிதாக ஆரம்பித்திருக்கும் கம்பெனியில் அவள் அண்ணன் ஜெயராஜ் ஸ்டோர் கீப்பராம். ஆபீஸில் இங்கிலீஷ் கடிதம் பார்க்க ஆள் தேடுகிறார்களாம். "சும்மா சொல்லி வெக்கிறேன்" என்றாள்.

இவருக்கு மார்க்கை எழுதிப் போட்டேன்.

15 ஜனவரி 1973

மாமனாரின் வருஷாப்தீகத்துக்கு இவர் வந்திருக்கிறார். கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. வெந்நீர் வேண்டும் என்றார், கொடுத்தேன். மார்க்கைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

18 ஜனவரி

கேட்டுவிட்டேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். இவர் ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஆம்படையாளுக்கு அந்தப் பரீட்சை வேண்டாமாமே?"

பேப்பரை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா எழுதச் சொன்னேள்?"

"நீ பாஸ் பண்ணுவேன்னு நான் நினைக்கலை, பூமா."

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ கணக்குத் தப்பிவிட்ட மாதிரி சொன்னார். அங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். பாவி. ஒரு வருஷம், அம்மியில் அரைத்துக்கொண்டு, துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வருஷம் — ஃபெயில் ஆகட்டும் என்று அனுப்பின புத்தகத்தையா நான் கட்டிக்கொண்டு அழுதேன்? எனக்கு இப்போது அழுகைகூட வரவில்லையே, ஏன்?

அம்மா வந்தார். இலை போட்டேன்.

23 ஜனவரி

இவர் மெட்ராஸுக்கு ரயில் ஏறிவிட்டார். அங்கிருந்து விமானம். நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அம்மாவிடம் இவர் என்ன சொன்னாரோ, அம்மா நாளெல்லாம் சாப்பிடாமல் படுத்திருந்தார்.

5 பிப்ரவரி

கும்மிடிப்பூண்டிக்குப் போய்விட்டு வந்தேன். ஜெயராஜ் கூட்டிப்போனார். மேனேஜர் ஒரு கடிதத்தைக் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். மார்ச் முதல் தேதி சேர வேண்டும். பக்கத்திலேயே ஜெயராஜ் வீடு பார்த்துத் தருகிறாராம்.

6 பிப்ரவரி

அம்மாவிடம் சொன்னேன். வேலையை, ஊரை, வீடு பார்த்துத் தரப்போவதை. இவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தார். களைந்த அரிசியையே மறுபடி களைந்தார். மாமனார் இருந்த வீடு, பெருமாள் சன்னிதி, ஐம்பது வருஷமாக நடந்த தெரு. இதையெல்லாம் விட்டு வரச்சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்னாலேயே வந்து நின்றார்.

"ஏண்டி, அந்த ஊர்ல கிணத்துத் தீர்த்தம் நன்னா இருக்குமோ?"

இருக்கும் அம்மா என்றேன். எனக்குத் தெரியாது.