பையில் இருந்த பேண்ட்

டீச்சரம்மா,

சாவி பக்கத்து வீட்டில். சோறு ஆக்கிவிட்டேன், உன் பங்கில் மட்டும் காரம் உண்டு.

பெருங்குடலில் புண், ஆயுசுக்கும் மருந்து என்று டாக்டர் சொன்ன அன்றே என் பையில் ஒரு மாற்று பேண்ட்டை வைத்தாய். "நான் என்ன கைக்குழந்தையா?" என்று கத்தினேன். ஒரு மாதமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். தப்புதான்.

நேற்று எட்டு டிரிப் ஓட்டினேன். பஸ்ஸை நிறுத்திவிட்டு நான் தினமும் கழிவறைக்கு இறங்கி ஓடும் பெட்ரோல் பங்க் வந்தது. "அண்ணே, பங்க் தாண்டிடுச்சு, நிறுத்தலையா?" என்றான் கண்டக்டர்.

"எதுக்கு?" என்றேன்.

உன் டிரைவர்

பி.கு.: வீட்டிலேயே விட்டுப்போகும் பையைத் திறந்து பார்த்து, பேண்ட்டைக் காணோமே என்று பதறாதே. அந்தப் பேண்ட்டைத்தான் இஸ்திரி போட்டு இன்றைக்கு உடுத்திக்கொண்டு போகிறேன்.