கைவிடப்படும் மாப்பிள்ளை

1999 மார்ச் 9, பர்பாங்க்

இன்று இன்னொருத்தி என்னைக் கல்யாணத்துக்கு முன்பே கைவிட்டாள். படத்தில்தான். எல்லாக் காதல் நகைச்சுவைப் படங்களிலும் நான் அதே ஆள்: நாயகிக்கு நிச்சயமான நல்ல மாப்பிள்ளை. கடைசியில் அவள் வேறொருவனோடு ஓடிப்போவாள், தியேட்டரே கைதட்டும்.

என் மேக்கப்பைக் கலைத்துக்கொண்டே ஒப்பனைக்காரி வெர்னா சொன்னாள்: "உன்னை விட்டுட்டுப் போறவளுக்கெல்லாம் உடனே கல்யாணம் ஆயிடுது, ஹாலிஸ். ராசியான ஆளுப்பா நீ!"

ஜூன் 17

படத்தை வெளியிடும் முன் பசடேனாவில் பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒருவரும் கைதட்டவில்லை. "அந்த நல்ல மனுஷனை ஏன் விட்டுட்டுப் போனா?" என்று கேட்டார்களாம். இயக்குநர் கெஸ்லர் போன் செய்தார்.

"பிரிவுக் காட்சியை மறுபடி எடுக்கணும் ஹாலிஸ். நீங்க அவளைக் கன்னாபின்னான்னு திட்டணும். அப்பத்தான் அவ போறது நியாயமாத் தெரியும்."

ஜூன் 18

சில வருஷம் முன்பு என் மனைவி ஆட்ரி என்னை விட்டுப் போனபோதும் எல்லோரும் இதையேதான் கேட்டார்கள். நான் திட்டியதில்லை, குடித்ததில்லை. பின்னே ஏன்?

ஜூன் 24

ஆட்ரி போன கதையை வெர்னாவிடம் சொன்னேன். "அவ கிளம்பினப்ப நீ என்ன பண்ணினே?" என்றாள்.

"பெட்டியைத் தூக்கிட்டுப் போய் கார்ல வெச்சேன். பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு, பாத்துப் போன்னேன்."

பஞ்சு அவள் கையிலேயே நின்றுவிட்டது. "போகாதேன்னு சொல்லலையா?"

"அவளுக்கு எது சந்தோஷமோ…"

"அடப்பாவி மனுஷா!"

அன்று ஆட்ரியின் கார் கொஞ்ச நேரம் கிளம்பாமல் நின்றது. பெல்ட் போடுகிறாள் என்று நினைத்தேன்.

ஜூன் 25

திட்ட மாட்டேன் என்று கெஸ்லரிடம் சொன்னேன். ஆட்ரி போன அன்று நடந்ததை அப்படியே நடித்துக் காட்டினேன். அவர் வசனத்தாளை மடித்து வைத்தார். பிறகு, "இதையே எடுத்துடலாம்" என்றார்.

எடுக்கும்போது கேமராவுக்குப் பின்னால் வெர்னா மூக்கை உறிஞ்சினாள்.

ஆகஸ்ட் 3

மறுபடி போட்டுக் காட்டினார்கள். டயர் என்றதும் சிரித்தார்கள். நாயகி காரைக் கிளப்பியபோது கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஆகஸ்ட் 20

வெர்னாவுக்கு வான்கூவரில் வேலை. டிவி தொடர், ஒரு வருஷம். "வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். முட்டாள். சரியான முட்டாள்.

ஆகஸ்ட் 21

விடிந்ததும் அவள் வீட்டுக்கே போனேன். பாதி கட்டிய பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தாள்.

"போகாதே." குரல் கீச்சென்று வந்தது. இத்தனை வருஷம் நடித்தவன்!

"கையெழுத்துப் போட்டாச்சுப்பா. போயே ஆகணும்."

"அப்ப நானும் வரேன்."

"அங்க வந்து என்ன செய்வே?"

"தெரியலை."

பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா? அவளே என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

நவம்பர் 14, வான்கூவர்

நேற்று எங்கள் முதல் சண்டை. மழையில் ஜன்னலைத் திறந்து வைத்தது யார் என்று. நான் கத்தினேன் — நானா! அவளும் விடவில்லை.

காலையிலும் பேச்சில்லை. ஆனால் மேசையில் எனக்கும் காபி இருந்தது. வாயில் வைத்தால் சர்க்கரையே இல்லை. "சர்க்கரை எங்கே?" என்று மறுபடி கத்தினேன்.

குளியலறையிலிருந்து பதில் வந்தது: "கை இருக்கில்ல? நீயே போட்டுக்கோ!"