பின் அறையில் நடமாட்டம்

நம் வீடு,
புரட்டாசி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஓவியா அப்பாவுக்கு,

மீனா எழுதிக்கொள்வது. நான் நலம். ஓவியாவும் நலம்; அவள் இப்போது மல்லாங்கிணற்றில் என் அம்மாவிடம் இருக்கிறாள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. அப்பா வந்து பார்க்கும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று அதைக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறாள்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நீங்களோ அறையில் கூட இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். அதோடு, இந்தப் பேச்சை நான் எடுக்கும்போதெல்லாம் உங்களுக்குச் சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். லீவு முடிந்து உங்கள் கம்பெனிக்கே திரும்புகிற ராஜபாண்டியன் அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். அதே பையில் சாத்தூர் சேவும் எலுமிச்சை ஊறுகாயும் இருக்கின்றன. கடிதத்தை முதலில் படியுங்கள். சேவு எங்கும் ஓடிவிடாது.

அலாரம் கதையை முதலிலிருந்து சொல்கிறேன். பாதி உங்களுக்குத் தெரியும். அந்தப் பாதியையும் ஒரு தடவை என் கண்ணால் பாருங்கள்.

ரீனா டீச்சர் வீட்டில் பட்டப்பகலில் பூட்டை உடைத்து, பீரோவைத் துடைத்தெடுத்துக்கொண்டு போனபிறகுதான் எனக்குப் பயம் வந்தது. நான் காலையில் காலண்டர் பிரஸ்ஸுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புகிறேன். ஊர்க்கடைசி வீடு. பின்னால் வேலிக்காத்தான் காடு, அதற்கும் பின்னால் மூடிக் கிடக்கிற அந்தப் பட்டாசுக் கம்பெனி. அலாரம் வைக்கலாம் என்றதும் நீங்கள் முன்கதவுக்கு மட்டும் போதும் என்றீர்கள். சரி, சிக்கனம் பார்க்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் பேசிய அலாரம் கம்பெனிக்காரர் லேண்ட்லைன் நம்பர் கேட்டார். நம் தெருவில் அந்தக் கம்பமே இல்லையே என்றேன். நம் பழைய போன் ஓவியாவின் விளையாட்டுக் கூடையில் கிடக்கிறது. அதில் அவள் தினமும் உங்களைக் கூப்பிடுகிறாள். நீங்களும் உடனே எடுத்துவிடுகிறீர்கள். அடுத்தவர் இன்டர்நெட் பெட்டியில் மாட்டுகிற ஒன்றைக் காட்டினார். கரண்ட் போனால் அதுவும் போய்விடுமாம். கரண்ட் போனால் திருடனும் போய்விடுவானா என்று கேட்டேன். மனுஷன் சிரிக்கவே இல்லை.

மூன்றாவதுதான் பிடித்தது. உள்ளேயே பேட்டரி, இரண்டு கம்பெனி சிம். ஒன்றில் சிக்னல் இல்லையென்றால் மற்றதில் பேசும். கோயம்புத்தூரில் ராத்திரி பகலாக ஆட்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். மாட்ட வந்தவர் போனைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் சுற்றினார். முழுச் சிக்னல் கிடைத்தது ஹாலில், பின் அறையை ஒட்டிய சுவரில் மட்டும். பெட்டி அங்கேதான் இருக்கிறது.

சைரன் வேண்டுமா என்றும் கேட்டார். வெளியூர்க்காரர், பாவம். நம் ஊரில் சங்கு ஊதினால் கம்பெனியில் விபத்து என்று ஊரே தலைதெறிக்க ஓடி வரும். ஒரு பூனை குதித்ததற்கு நான் ஊரை அழவைக்க மாட்டேன் என்றேன். அதனால் நம் அலாரத்துக்குச் சத்தம் கிடையாது. கோயம்புத்தூருக்கு மட்டும் தெரியும். அங்கிருந்து என்னைக் கூப்பிடுவார்கள்.

கூப்பிட்டால் சொல்வதற்கு இரண்டு வார்த்தைகள் கொடுக்கச் சொன்னார்கள். எல்லாம் நலம் என்றால் ஒன்று. ஆபத்து, பக்கத்தில் ஆள் நிற்கிறது, வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை என்றால் இன்னொன்று. அதைச் சொன்னால் வேறெதுவும் கேட்காமல் போலீசை அனுப்பிவிடுவார்களாம். நல்ல வார்த்தைக்கு என் ஊர்ப் பெயரைக் கொடுத்தேன், மல்லாங்கிணறு. கெட்ட வார்த்தைக்கு யோசிப்பதற்குள் வாயில் வந்தது வேல்விழி பெயர். போன கோடையில் அந்தப் பட்டாசுக் கம்பெனி ஷெட் வெடித்தபோது அதோடு போனாளே, அவள்தான். கல்யாணத்துக்கு முன்னால் அதே கம்பெனியில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். அவள் பெயர் ஏன் வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

மாட்டுகிறவர் திருடன் பின்பக்கமாகத்தான் வருவான் என்றார். அதனால் உங்கள் பேச்சை மீறிப் பின் அறையிலும் ஒரு சென்சார் வைத்தேன். கூரை மூலையில் சின்ன வெள்ளை டப்பா, கண் மாதிரி. அன்றைக்கு அங்கே பழைய கட்டிலும் விதைச் சாக்கும் தவிர ஒன்றும் இல்லை. பிறகு ஹாலிலிருந்து அந்த அறைக்குப் போகிற கதவை அடைத்து பீரோவைத் தள்ளிவைத்தேன். வெளிப்பக்கம் இருக்கிற கதவில்தான் பூட்டு தொங்குகிறதே.

முதல் போன் வந்தபோது பிரஸ்ஸில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு பெண் குரல். பெயர் கேட்டேன், சொல்லக்கூடாதாம். "மேடம், உங்க பின் அறையில நடமாட்டம் தெரியுதுங்க, வீட்ல யாராச்சும் இருக்காங்களா" என்றது. இல்லை என்றேன். வார்த்தை எதுவும் இப்போது சொல்ல வேண்டாம், லைனிலேயே இருங்கள் என்றது. ஆட்டோ பிடித்து ஓடி வந்தேன்.

நல்ல வெயில். பின்கதவில் பூட்டு அப்படியே தொங்கியது. ஜன்னலை உள்ளே ஏதோ மறைத்திருந்தது. வெளிச்சத்தில் நின்ற எனக்கு இருட்டுத்தான் தெரிந்தது. நான் கதவருகே போனதும் அந்தப் பெண், "இப்ப நின்னுடுச்சுங்க" என்றாள். காதை வைத்துக் கேட்டேன். மூச்சுச் சத்தம்கூட இல்லை. சரி, கோளாறு என்று சொல்லிவிட்டுத் திரும்பி வீட்டு முன்பக்கம் வந்தேன். "மறுபடியும் நடக்குதுங்க மேடம்" என்றாள். திரும்பிப் போகத் தைரியம் வரவில்லை. பல்லியாக இருக்கும் என்று அவளிடம் சொல்லி, நல்ல வார்த்தையையும் சொல்லி வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் வீட்டில் இல்லாத நாளெல்லாம் போன். சாயங்காலம் வந்து பார்த்தால் பின்படி ஈரமாக இருக்கும். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. மண்ணில் செருப்பில்லாத கால் தடம்; டார்ச் அடித்தால் மினுமினு என்று வெள்ளியாகத் தெரியும். பக்கத்து வீட்டுப் பூனைக்குக் கொலுசு போட்டிருக்கிறார்கள் என்று ஓவியா சொன்னாள். பிடித்துப் பார்த்தால் நாலு காலும் வெள்ளிப் பூச்சு.

வேல்விழி இன்னும் போகவில்லை, வேலைக்குப் போகிற நேரத்தில் நடக்கிறாள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். நான் அப்படிப் பேசுகிறவர்களைத் திட்டுகிற ஆள். ஆனாலும் ஒரு நாள் பிரஸ்ஸுக்குப் போகும் முன்னால், அவளுக்குப் பிடிக்கும் என்று பால்பன் இரண்டு வாங்கி ஒரு தட்டில் பின்படியில் வைத்துவிட்டுப் போனேன். வந்து பார்த்தால் பன் இல்லை. தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அன்றைக்கு நான் படியில் உட்கார்ந்து அழுதேன். பேய் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்குமா என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அன்று ராத்திரிதான் உங்களிடம் சொன்னேன். பின் அறையில் சென்சார் வைத்ததையும், அங்கே ஏதோ நடமாடுவதையும். உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். நீங்கள், "அந்த ரூம் சென்சாரைக் கழட்டச் சொல்லிரு" என்றீர்கள். வீட்டுக்குள் யாரோ நடக்கிறார்கள் என்று பெண்டாட்டி சொன்னால் எந்தப் புருஷனும் யார் என்றுதான் கேட்பான். நீங்கள் கேட்கவில்லை.

மறுநாளே அந்தப் பெண் கூப்பிட்டாள். "மேடம், இன்னிக்கு நடமாட்டம் தெரியலைங்க. யாரோ சென்சார் மேல துணியப் போட்டு மூடியிருக்காங்க" என்றாள்.

பேய்க்குத் துணி எதற்கு? அவளை லைனிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். சாவியை எடுத்துப்போய்ப் பூட்டில் போட்டேன், சேரவில்லை. துரு என்று ஆட்டிப் பார்த்தேன். பார்க்கப் பழைய பூட்டு மாதிரியேதான், ஆனால் புதுசு. அசந்துபோய்க் கதவு நிலையில் கை வைத்து நின்றேன். கையில் சில்லென்று ஏதோ பட்டது. பார்த்தால், இடுப்புயரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செம்புத் தகடு, ஆணி அடித்து, கீழே மண்ணுக்கு ஒரு கம்பி இறக்கியிருந்தது.

அதை நான் தேடித் தொடவில்லை. என் கை தானாக அங்கே போயிருக்கிறது. கம்பெனியில் ஆறு வருஷம் பார்த்த வேலை கையை விட்டு எங்கே போகும்? வெடிமருந்து அறைக்குள் நுழையும் முன் உடம்பில் இருக்கிற கரண்டை மண்ணுக்கு விட்டுவிட்டுப் போகத்தானே அந்தத் தகடு! ஈரமும் அதற்குத்தான். செருப்பில்லாத காலும், கொலுசு வளையல் சத்தம் இல்லாததும் எல்லாம் அதற்குத்தான். வெள்ளிப் பொடி, மருந்தில் கலக்கிற அலுமினியப் பொடி. இத்தனையும் பார்த்துவிட்டு நான் பேய் என்று நினைத்திருக்கிறேன். கம்பெனியில் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். சொந்த வீட்டில் யார் இதை எதிர்பார்ப்பார்கள்?

உள்ளே யார் என்று மெல்லக் கேட்டேன். ரொம்ப நேரம் கழித்து ஒரு குரல் வந்தது. "மீனா, கையில போனு வச்சிருக்கியாத்தா? வச்சிருந்தா தூரப் போயிரு. நைலான் சேலைன்னா கதவுல உரசாத" என்றது. வேல்விழியின் அம்மா, சண்முகத்தாய்.

உள்ளே பட்டாசுக்கு மருந்து அடைத்துக்கொண்டு நாலைந்து பெண்கள். வெளியே பூட்டு. யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று உங்கள் அண்ணன் பெத்தணன் காலையில் அவர்களை உள்ளே விட்டுப் பூட்டிவிட்டு, நான் வருவதற்குள் திறந்துவிடுகிறார். ஒரு பொறி விழுந்தால் அவர்கள் எந்த வழியாக வெளியே வருவார்கள்? ஒரு பக்கம் பூட்டு. மறுபக்கம் என் பீரோ. அந்தப் பீரோவை நானே தள்ளிவைத்தேன் என்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

நான் வேலி ஓரமாகத் தள்ளிப்போய் நின்றேன். போனில் அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள், "மேடம், வார்த்தை சொல்லுங்க." சண்முகத்தாய் கதவுக்குப் பின்னாலிருந்து கெஞ்சியது கேட்டது. "கம்பெனியப் பூட்டிட்டாக. இந்தக் கைக்கு வேற என்ன தெரியும், நீயே சொல்லு. எங்களக் காட்டிக் குடுத்துராத தாயி." நான் சொல்ல வேண்டியது அவள் மகளின் பெயர். அவள் காதுபட அதை எப்படிச் சொல்வேன்? மல்லாங்கிணறு என்றேன். சரிங்க மேடம் என்று அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் உங்கள் அண்ணன் வந்ததும் பிடித்துக்கொண்டேன். மனுஷனுக்குக் கூச்சமே இல்லை. "ஏம்மா சத்தம் போடுற? தம்பியக் கேக்காமயா செய்வேன்? சாவி அவன்தான் குடுத்தான், பூட்டத்தான் நான் மாத்துனேன். தீபாவளி வரைக்குந்தான். ஆர்டர் முடிஞ்சதும் கழுவி விட்டுருதோம்" என்றார். அதற்கு மேல் அவரோடு எனக்குப் பேச்சு இல்லை. பூட்டைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டேன். மறுநாள் சண்முகத்தாயும் நானுமாகப் பீரோவை நகர்த்தினோம். சென்சார் மேல் போட்டிருந்த துணியையும் எடுக்கச் சொன்னேன்.

அவர்கள் தினமும் வருகிறார்கள். மருந்து அப்படியே இருக்கிறது. அடுப்படிச் சுவரும் அந்த அறைச் சுவரும் ஒன்று என்பது வீட்டைக் கட்டிய உங்களுக்குத் தெரியாததா? நான் அடுப்பு பற்றவைத்து நாளாகிறது. சாமி விளக்கும் ஏற்றவில்லை. ரீனா டீச்சர் சாப்பாடு கொடுத்துவிடுகிறார். கேஸ் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லியிருக்கிறேன். பிரஸ்ஸுக்கும் போகவில்லை. காலண்டர் சீசனில் லீவு போட்டால் வேலை இருக்குமா தெரியவில்லை. ஓவியாவோடு நானும் மல்லாங்கிணற்றுக்குப் போயிருப்பேன். நான் போனால் உங்கள் அண்ணன் இன்னொரு பூட்டு வாங்கி வருவார். அதனால்தான் உட்கார்ந்திருக்கிறேன். நம் வீட்டு முன்வாசலில் நுழையும்போதுகூடக் கை தகட்டைத் தேடுகிறது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் ஓவியா தூங்கினாள். அது தெரிந்தும் தினமும் போனில் அவளுக்கு முத்தம் கொடுத்தீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடிதம் கையில் கிடைத்ததும், ஸ்பீக்கரில் போடாமல், உங்கள் அண்ணனைக் கூப்பிடுங்கள். உங்கள் வாயால் சொன்னால் மட்டும்தான் அவர் கேட்பார். அறையைக் காலி செய்யச் சொல்லுங்கள். காலி செய்கிறவர்களும் இந்தப் பெண்கள்தான், அதனால் அவசரப்படாமல், வெயில் தாழ்ந்தபின், தண்ணீர் தெளித்துச் செய்யச் சொல்லுங்கள். சண்முகத்தாய்க்குப் பிரஸ்ஸில் காகிதம் மடிக்கிற வேலை கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் இப்போதும் தினமும் கூப்பிடுகிறாள். பின் அறையில் நடமாட்டம் என்கிறாள். நானும் என் ஊர்ப் பெயரைச் சொல்கிறேன். நேற்று அவளாகவே, "மேடம், நிஜமாவே எல்லாம் நல்லா இருக்கா" என்று கேட்டாள். பெயர் தெரியாத ஒருத்தி கேட்டாள்.

நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் தலையில் துண்டில்லாமல் நிற்காதீர்கள். முருகன் உங்களையும் நம் பிள்ளையையும் அந்த அறைக்குள் இருக்கிறவர்களையும் காப்பாற்றட்டும். ராஜபாண்டியன் அண்ணன் வியாழக்கிழமை உங்களிடம் வந்துவிடுவார். வெள்ளிக்கிழமையும் அந்தப் பெண் கூப்பிடுவாள். வேல்விழி பெயர் என் நாக்கு நுனியில் இருக்கிறது. அவள் அம்மா கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். அன்றைக்கு நான் எந்த வார்த்தையைச் சொல்லட்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் போனுக்காக, விளக்கேற்றாத வீட்டில் காத்திருக்கும்
மீனா