மார்சியாவை யோசேப்பு ஆக்கினன்

மிச்சம், லண்டன்
12.11.1994

அன்பு மகள் இம்மாகுலேற்றுக்கு,

ஆண்டவரின்ரை கிருபையாலை நாங்கள் சுகம், நியூயோர்க்கிலை நீயும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுறன் எண்டு எழுதுறன், ஆனால் பிள்ளை, உன்ரை இங்கிலீசு நாவல் தபாலிலை வந்த நாள் தொடக்கம் எனக்கு நிம்மதி இல்லை. அட்டையிலை உன்ரை பேரைத் தடவிப் பார்த்திட்டு அப்பா செய்த வேலை தெரியுமே, ஞாயிறு தமிழ்ப் பூசைக்குக் கொண்டுபோய்ச் சுவாமியாரைக் கொண்டு தீர்த்தம் தெளிச்சு மந்திரிப்பிச்சுப் போட்டார்! உள்ளுக்கு என்ன எழுதியிருக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. கவுன்சிலிலை வேலை செய்யிற பியற்றிஸ் அக்கா, இங்கிலீசைக் கரைச்சுக் குடிச்சவ, இரவல் கேட்டு ரெண்டு தரம் வந்திட்டா. நான் அரிசி வாளிக்குள்ளை ஒளிச்சு வைச்சிட்டு, வேறை ஆரோ கொண்டு போட்டினமெண்டு பொய் சொன்னன்.

அப்பாவுக்குக் கண் ஒப்பரேசன் செய்தது உனக்குத் தெரியும்தானே, புதுக்கண்ணாடி வருமட்டும் வாசிக்கேலாது, என்னைத் தமிழிலை சொல்லச் சொல்லிப் பின்னேரத்திலை ஒரே ஆக்கினை. நல்ல காலம், நான் முதலே தனிய வாசிச்சிட்டன். உன்ரை கதையிலை, ஆஸ்பத்திரியிலை நிலம் துடைக்க வந்த கறுப்புப் பிள்ளை மார்சியா படிச்சுப் பெரிய நேர்ஸா வந்ததை வாசிக்கப் பெருமையாத்தான் இருந்தது. பிறகு அவள் விரும்பின ஆள் எங்களைப் போல லண்டன் மிச்சத்திலை கடை வைச்சிருக்கிற தமிழ்க் குடும்பத்துப் பெட்டை, உன்னைப் போலவே பணிஸைப் பிச்சு உள்ளைமட்டும் தின்னுற பெட்டை! நான் பெத்ததை எனக்குத் தெரியாதே? அப்பாவுக்குச் சொல்லேக்கை முதல் வரியிலையே மார்சியாவை யோசேப்பு எண்டு ஆம்பிளையாக்கிப் போட்டன்.

இப்ப அதாலைதான் வினை. அப்பாவும் வந்த புதுசிலை ஆஸ்பத்திரியிலை நிலம் துடைச்சவரெல்லே, யோசேப்பு எண்டால் உயிர். இது இம்மாவின்ரை சொந்தக் கதைதான், கறுப்பெண்டாலென்ன, எங்களைப் போல வேதக்காரப் பொடியன், சனம் என்னவும் சொல்லட்டும், வாற மாசம் நத்தார்ப் பெருநாளுக்கு ரெண்டு பேரையும் வரச்சொல்லி எழுது எண்டு என்னட்டைச் சொன்னார். நேற்று உடுப்புக்கடைக்குப் போய் யோசேப்புக்கெண்டு ஒரு நீலச் சேட்டும் வாங்கி வைச்சிருக்கிறார். வாற புதன்கிழமை கண்ணாடி வரும், இன்னும் மூண்டு அத்தியாயம் கிடக்கு, மிச்சத்தை எழுத்துக்கூட்டியெண்டாலும் தானே வாசிப்பாராம். அந்த மனுசன் உன்னை வெறுத்துப் போடுவாரோ, நெஞ்சு வெடிச்சுச் சாவாரோ எண்டு பயந்து சாகிறன். அங்கை றோட்டிலை ஆரும் உங்களுக்குக் கல்லெறிவினமோ எண்டும் பயம்.

உன்ரை வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தால் குட்மோர்ணிங் அன்ரி எண்டு சொல்லுற பிள்ளைதான் மார்சியா எண்டும் எனக்குத் தெரியும். நான் கோவிக்கேல்லை, பயப்பிடுறன், அவ்வளவுதான். புதனுக்கு முதல் நானே அவருக்கு உண்மையைச் சொல்லிப் போடப் போறன், எனக்காக மன்றாடு.

குளிருக்குத் தொப்பி போடு, செபமாலையை விட்டிடாதை. மாதா உங்கள் ரெண்டு பேரையும் காப்பாத்துவா. சேட்டின்ரை பில்லை எறியாமல் வைச்சிருக்கிறன், கடையிலை மாத்தித் தருவாங்கள். அந்தப் பிள்ளையின்ரை அளவை எழுதி அனுப்பு.

உன்ரை அம்மா,
டொலறஸ்